அப்பா போய் ஐந்து மாதம். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் இன்னும் 'பெயர் பொருந்தவில்லை' என்றே நிற்கிறது

குடியாத்தம்_மகள்:
எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா 1975-ல் பட்டாளத்தில் சேர்ந்து 1992-ல் ஹவில்தாராக வெளியே வந்தவர். அப்புறம் ஊரிலேயே ஒரு ரைஸ் மில்லில் கணக்குப் பார்த்தார். போன ஆனி மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். 71 வயது. காரியமெல்லாம் முடிந்து அவருடைய பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்தால், டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் சர்வீஸ் விவரப் புத்தகம்), பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகல், இரண்டு மெடல், எங்கள் மூன்றாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் பாலித்தீன் கவரில் அடுக்கி வைத்திருக்கிறார். இவ்வளவு ஒழுங்கான மனிதர். ஆனால் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் 'லட்சுமி அம்மாள்' (பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்), பிறந்த தேதிக் கட்டம் காலி. அம்மாவின் ஆதாரில் 'மகாலட்சுமி', பிறந்த தேதி ஜனவரி 1, நம் ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது போல. ரேஷன் கார்டில் வெறும் 'லட்சுமி'. இப்போது 'இந்த மகாலட்சுமிதான் அந்த லட்சுமி அம்மாள் என்று நிரூபியுங்கள்' என்கிறார்கள். ஒரு அலுவலகத்தில் போய் நின்றால் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள், அங்கே போனால் மதியம் வா என்கிறார்கள், மதியம் போனால் அந்தப் பிரிவில் ஆள் லீவு. அம்மாவுக்கு 66 வயது, முட்டி வலி, பஸ் படி ஏறுவதே பாடு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகும் அவர் கணக்கில் இரண்டு மாதம் பென்ஷன் விழுந்தது, தம்பி விவரம் தெரியாமல் ஏடிஎம்மில் எடுத்து காரியச் செலவுக்குக் கொடுத்துவிட்டான். இது பெரிய சிக்கலாகுமா? எங்கே தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரம்_கோட்டா:
ஆழ்ந்த அனுதாபங்கள் அக்கா. என் மாமாவும் பட்டாளம்தான். மாதம் பிறந்தால் கேண்டீன் சரக்குக்கு வீட்டு வாசலில் நிற்கிற சொந்தக்காரன் ஒருத்தன்கூட அவர் இறந்த பிறகு அத்தைக்கு ஒரு ஃபாரம் நிரப்பித் தர வரவில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த இழையில் கிளார்க் சாப் வரும்வரை காத்திருங்கள், மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எதையும் அனுப்பிவிடாதீர்கள். நான் சொல்வது உட்பட.

பழைய_கிளார்க்_சாப்:
அம்மா குடியாத்தம் மகளே, முதலில் பயத்தை விடுங்கள். இது தினமும் நடக்கிற கதை. நான் 24 வருடம் கிளார்க் டிரேடில் இருந்து சுபேதாராக வந்தவன், இந்தப் பெயர்க் குளறுபடி எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரியும். பையன் லீவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு யூனிட்டுக்குத் திரும்புவான். கல்யாணத்தைப் பார்ட்-2 ஆர்டரில், அதாவது அவனுடைய சர்வீஸ், குடும்ப மாற்றங்களைப் பதியும் யூனிட் ஆணையில், ஏற்ற வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் கிளார்க் பீகாரோ ராஜஸ்தானோ, நம் ஊர் இனிஷியலும் புரியாது, மகாலட்சுமியும் லட்சுமியும் வேறு பெயர் என்பதும் புரியாது. பையன் வாயில் வந்ததைச் சொல்வான், அவன் காதில் விழுந்ததை எழுதுவான். நானே ஒரு மலையாளிப் பையன் மனைவியின் வீட்டுப் பெயரைப் புருஷன் பெயர் என்று எழுதிவிட்டு அப்புறம் திருத்தியிருக்கிறேன். அப்போது மனைவிக்குப் பிறந்த தேதி கேட்கும் வழக்கமே பல யூனிட்டில் இல்லை. பேங்க் மேனேஜருக்கு முகம் தெரிந்தால் பென்ஷன் வந்துவிடும் என்ற காலம் அது. இப்போது எல்லா ராணுவப் பென்ஷனும் ஸ்பர்ஷ் என்ற ஒரே கணினி அமைப்புக்குள் வந்து, பிரயாக்ராஜில் உள்ள பிசிடிஏ என்ற ராணுவக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகத்திலிருந்து நேராக விழுகிறது. கணினிக்கு முகம் தெரியாது, எழுத்துதான் தெரியும்.

செய்ய வேண்டியது இரண்டு தனி வேலை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, இறப்பைத் தெரிவிப்பது. தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் நாளைக்கே செய்யுங்கள், ஸ்பர்ஷ் சேவை மையத்திலோ பொதுச்சேவை மையத்திலோ இறப்புச் சான்றோடு போனால் போதும். தம்பி எடுத்த இரண்டு மாதப் பணத்தை அவர்கள் அம்மாவின் அரியரில் கழித்துக்கொள்வார்கள். குடும்ப ஓய்வூதியம் அப்பா இறந்த மறுநாளிலிருந்தே கணக்கு, எவ்வளவு தாமதமானாலும் அந்த நாளிலிருந்து மொத்தமாக வரும். தெரிந்தே மறைத்துத் தொடர்ந்து எடுப்பதுதான் குற்றம், நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் வெறும் கழிப்புக் கணக்கு. அது போக, அவர் இறந்த மாதத்தில் இறந்த நாள் வரைக்கும் உள்ள பென்ஷன், நிலுவைப் படி எல்லாம் 'லைஃப் டைம் அரியர்' என்று தனியாக நாமினிக்கு வர வேண்டும். அதைப் பலர் கேட்பதே இல்லை.

இரண்டு, பெயர்த் திருத்தம். இது பென்ஷன் அலுவலகத்தின் வேலை இல்லை, அப்பாவின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸின் வேலை. டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தில் எந்த ரெக்கார்ட்ஸ் என்று இருக்கும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் போட வேண்டும். என் காலத்தில் வெறும் நோட்டரி போட்டு அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னால் போட்டால் ஒரே தடவையில் முடியும். அதனோடு ஆதார், பான், இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரப் பக்கம். எல்லாவற்றையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக உதவி இயக்குநரின் கடிதத்தோடு அனுப்புங்கள். தனியாளாக அனுப்பும் கடிதத்துக்கும் அந்தக் கடிதத்துக்கும் மரியாதையில் வித்தியாசம் உண்டு, இருக்கக் கூடாது, ஆனால் உண்டு.

பிறந்த தேதியையும் இதே தடவையில் ஏற்றிவிடுங்கள். அம்மாவுக்கு 80 வயதானால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு தொட்டால் இரட்டிப்பு. கட்டம் காலியாக இருந்தால் அம்மாவுக்கு எப்போது 80 ஆகிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

குடியாத்தம்_மகள்:
ஐயா, கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஐந்து மாதத்தில் யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. இறப்பைத் தெரிவித்தாகிவிட்டது, ரெக்கார்ட் ஆபீஸுக்கு இன்னும் எழுதவில்லை. ஒரு சந்தேகம். அப்பா வெளியே வரும்போது பென்ஷனில் கிட்டத்தட்டப் பாதியைக் கம்யூட் செய்து (மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கி) அந்தப் பணத்தில்தான் வீடு கட்டினார். அதனால் அம்மாவுக்கும் பாதிதான் வரும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். உண்மையா?

பழைய_கிளார்க்_சாப்:
இல்லை. கம்யூடேஷன் அவருடைய பென்ஷனில் மட்டும்தான் பிடிப்பு, அதுவும் 15 வருடத்தில் முழுசாகத் திரும்பிவிடும். குடும்ப ஓய்வூதியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் பயன்படும். ஓய்வுக்குப் பின் சாதாரணமாக இறந்தால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதுதான் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். இறந்த நாளிலிருந்து 7 வருடம், அல்லது அவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயது ஆகும் நாள், எது முந்தியோ அதுவரை 50 சதவீதம். உங்கள் அப்பாவுக்கு 71, அதனால் நேராக 30-தான். பணியின் காரணமாக இறந்தால் 60 சதவீதம். போரிலோ தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையிலோ இறந்தால் கடைசிச் சம்பளம் முழுசாக. எதுவானாலும் அடிப்படை 9,000-க்குக் கீழே போகாது. அதன் மேல் அகவிலை நிவாரணம், 2025 ஜூலையில் அது 58 சதவீதம் ஆனது. அந்தக் கணக்கில் 9,000 என்றாலே மாதம் 14,220 கைக்கு வரும். ஹவில்தார் குடும்பத்துக்கு ஒரே பதவி ஒரே ஓய்வூதியப் பட்டியலில் இதைவிடக் கூடத்தான் இருக்கும். பட்டியலில் அவருடைய குரூப்பையும் சர்வீஸ் வருடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபோட்டோ அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.

வரி_கட்டுபவன்:
யாரும் கோபப்பட வேண்டாம், நேராகவே கேட்கிறேன். என் அப்பா 30 வருடம் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். பிஎஃப் பென்ஷன் மாதம் 1,900 ரூபாய். அவர் போனால் அம்மாவுக்கு அதிலும் பாதி. 17 வருடம் வேலை செய்தவருக்கு 33 வருடம் பென்ஷன், அப்புறம் மனைவிக்கு, அப்புறம் கேண்டீன், மருத்துவம், பிள்ளைக்குப் படிப்பு உதவி. எல்லாம் என் வரிப்பணம். எல்லையில் நிற்கிறார்கள் சரி, சாக்கடைக்குள் இறங்குகிறவனுக்கு யார் பென்ஷன் கொடுக்கிறார்கள்?

கம்மவான்பேட்டை_காரன்:
சாக்கடைக்குள் இறங்குகிறவருக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை, வெட்கக்கேடு. அதற்காக இவர்களிடமிருந்து பிடுங்கினால் அவருக்குக் கிடைத்துவிடுமா தோழரே?

எங்கள் ஊரைச் சுற்றி வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம், ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள். அதனால் இந்த '17 வருடம்தானே' பேச்சு எனக்குப் பழக்கம். அந்த 17 வருடத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. படை இளமையாக இருக்க வேண்டும் என்று அரசுதான் சிப்பாயை 35, 40 வயதில் அனுப்பி வைக்கிறது. அதே வயதில் ஒரு அரசு குமாஸ்தாவுக்கு இன்னும் 20 வருடச் சம்பளமும் பதவி உயர்வும் பாக்கி இருக்கும். இவனுக்குப் பையன் அப்போதுதான் ஆறாம் வகுப்பு. பென்ஷனோ அந்த வயதில் வாங்கிய சின்னச் சம்பளத்தின் மேல் கணக்கு. வெளியே வந்தால் என்ன வேலை? ஏடிஎம் வாசலில் ஸ்டூல். மத்திய அரசில் குரூப் சி-யில் 10 சதவீதம், பழைய குரூப் டி-யில் 20 சதவீதம் என்று தாளில் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்போடு 18 வயதில் போனவன் 37 வயதில் வந்து 22 வயதுப் பிள்ளைகளோடு போட்டித் தேர்வு எழுதித் தேர வேண்டும்.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியமும் சும்மா வரவில்லை. ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ், ஆனால் 1990-ல் வந்தவனுக்கு 2010-ல் வந்தவனைவிடக் குறைவுதான் என்று இருந்ததால்தான் 2015-ல் 80 வயதுக் கிழவர்கள் மெடல் குத்திக்கொண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அந்த நவம்பரில் ஆணை வந்தது, 2014 ஜூலை 1 முதல் கணக்கு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்றார்கள், 2019 ஜூலையில் வர வேண்டிய திருத்தத்துக்கு 2022 டிசம்பரில்தான் ஒப்புதல். அதன் நிலுவையைத் தவணை தவணையாகக் கொடுப்போம் என்றதும் உச்ச நீதிமன்றம் வரை போய், குடும்ப ஓய்வூதியர்களுக்கு 2023 ஏப்ரல் 30-க்குள், 70 தாண்டியவர்களுக்கு ஜூன் 30-க்குள் என்று தேதி வாங்க வேண்டியிருந்தது. காத்திருந்த நேரத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் போய்விட்டார்கள்.

வரி_கட்டுபவன்:
35 வயதில் அனுப்புகிறார்கள் என்ற கோணத்தில் நான் யோசித்ததில்லை, அது நியாயம். ஆனாலும் அப்பாவின் 1,900-ஐ நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. அதை இங்கே சொன்னது தப்பு, ஒரு அம்மா கஷ்டத்தில் இருக்கும் இழை இது. மன்னிக்கவும் சகோதரி.

குடியாத்தம்_மகள்:
பரவாயில்லை அண்ணா. உங்கள் அப்பாவுக்கு 1,900 என்பதைப் படித்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது.

அக்னிவீர்_அப்பா:
என் பையன் 2023 ஜனவரியில் அக்னிவீராக உள்ளே போன முதல் பேட்ச். நீங்கள் பென்ஷன் கூட, குறைச்சல் என்று பேசுகிறீர்கள், இவனுக்கு அந்தச் சொல்லே கிடையாது. நாலு வருடம். நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேருக்குச் சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம், அதிலும் பாதி அவன் சம்பளத்தில் மாதாமாதம் 30 சதவீதம் பிடித்தது. முன்னாள் படைவீரர் அந்தஸ்து இல்லை, அப்படியென்றால் கேண்டீன் கார்டு, இசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், இந்த ஒதுக்கீடு எதுவும் இல்லை. அவனே உள்ளே இறந்தால் 48 லட்சம் காப்பீடு, பணி காரணமென்றால் இன்னும் 44 லட்சம், சேவா நிதியும் மிச்சமிருக்கும் மாதங்களின் சம்பளமும் உண்டு. ஆனால் மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் எனக்கோ அவன் அம்மாவுக்கோ கிடையாது. 2026 கடைசியில் வெளியே வருவான், அப்போது அவனுக்கு 23 வயது. பெண் பார்க்கிற வீட்டில் மாப்பிள்ளை மிலிட்டரியா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று என் மனைவி கேட்கிறாள்.

கம்மவான்பேட்டை_காரன்:
எங்கள் ஊர் மைதானத்தில் காலை நாலரைக்கு ஓடுகிற பையன்கள் எண்ணிக்கை 2022-க்குப் பிறகு கண்ணுக்குத் தெரிந்தே குறைந்துவிட்டது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல. மத்திய ஆயுதப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவீதம் என்று அறிவித்தார்கள், பையனை அதற்கு இப்போதே தயார் செய்யச் சொல்லுங்கள்.

சேலம்_அக்கா:
நான் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. என் கணவர் நாயக், 2011-ல் சர்வீஸில் இருக்கும்போதே போனார். எனக்கு வயது அப்போது 29, பெரியவளுக்கு ஐந்து, சின்னவனுக்கு இரண்டு, சின்னவனுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. உடலோடு வந்த அவர் யூனிட் ஆட்கள் இரண்டு பேர் பதினைந்து நாள் எங்கள் வீட்டிலேயே தங்கி எல்லாக் காகிதத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள், மூன்றாம் மாதமே பென்ஷன் வந்துவிட்டது, அதனால் யாராவது ராணுவத்தைக் குறை சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது. ஆனால் அதற்கு அப்புறம் நான் நானாகத்தான் கற்றுக்கொண்டேன். மகள் கல்லூரி போனபோது பிரதமர் கல்வி உதவித்தொகை என்று ஒன்று இருப்பது தெரிந்தது, பெண் பிள்ளைக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500, பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும், தொழிற்படிப்பாக இருக்க வேண்டும். அதை எனக்குச் சொன்னது எந்த அலுவலகமும் இல்லை, இசிஹெச்எஸ் பாலிகிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சுபேதார் வீட்டம்மா.

இதைச் சொல்லத்தான் வந்தேன். ஊனமுள்ள பிள்ளை இருக்கிறவர்கள், அந்தப் பிள்ளையால் சம்பாதிக்க முடியாது என்றால், உங்களுக்குப் பிறகு அவனுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 25 வயது வரம்பு அவனுக்குக் கிடையாது. நாம் உயிரோடு இருக்கும்போதே அவன் பெயரைப் பிபிஓ-வில் ஏற்றிவிடலாம். நான் ஏற்றி முடிக்க இரண்டு வருடம் ஆனது, ஒரு மருத்துவமனையில் சான்றில் நிரந்தரம் என்ற ஒரு வார்த்தையை விட்டுவிட்டதால் மட்டும் ஏழு மாதம். ஆனால் இப்போது இரவில் தூக்கம் வருகிறது.

பாட்டியின்_பேரன்:
சேலம் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒன்று சொல்கிறேன். தாத்தா பட்டாளத்தில் இருந்துவிட்டு அப்புறம் ரயில்வேயில் சேர்ந்து ரிட்டையர் ஆனவர், இரண்டு பென்ஷன் வாங்கினார். 2009-ல் இறந்தார். பாட்டிக்கு ரயில்வே குடும்ப ஓய்வூதியம் மட்டும்தான், இரண்டில் ஒன்றுதான் என்று அப்போது விதி. 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டும் வாங்கலாம் என்று விதி மாறிவிட்டது, பழைய கேஸுக்கும் பொருந்தும். எங்களுக்கு அது தெரிந்தது எட்டு வருடம் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில். விண்ணப்பித்தோம், 14 மாதம் இழுத்தது, 2012-லிருந்து மொத்த அரியரும் வந்தது. பாட்டி அந்தப் பணத்தில் முதலில் செய்தது என்ன தெரியுமா, தாத்தா ஃபோட்டோவுக்குப் பெரிய ஃபிரேம். இரண்டாவது, கண் ஆபரேஷன்.

பழைய_கிளார்க்_சாப்:
பேரன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்தக் கேஸ்கள் இன்னும் கிராமங்களில் கிடக்கின்றன.

குடியாத்தம் மகளே, இன்னொன்று விட்டுப்போனது. அப்பா இசிஹெச்எஸ் அட்டை எடுத்திருந்தாரா? 1996-க்கு முன்னால் வெளியே வந்தவர்களுக்கு அந்தத் திட்டத்தில் சந்தாவே கிடையாது, அவர்களுடைய மனைவிக்கும் அப்படியே. குடும்ப ஓய்வூதியம் வந்தவுடன் அம்மா பெயரில் அட்டைக்கு விண்ணப்பியுங்கள், வேலூரிலேயே பாலிகிளினிக் இருக்கிறது, முட்டிக்கு அங்கிருந்து ரெஃபரல் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் போகலாம். ரெஃபரல் இல்லாமல் நேராகப் போய்ப் படுத்துவிட்டு அப்புறம் பில் கொண்டுவராதீர்கள், அவசரம் என்றால் தவிர.

குடியாத்தம்_மகள்:
எடுக்கவில்லை ஐயா. 'எனக்கென்ன நோய்' என்பார்.

எல்லோருக்கும் ஒரு தகவல். போன வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அஃபிடவிட் முடிந்தது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அம்மாவை ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். அங்கிருந்த ஒரு பெரியவர், அவரும் முன்னாள் பட்டாளம்தான், டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'கேரக்டர் எக்ஸம்ப்ளரி' (நடத்தை முன்மாதிரி) என்று சத்தமாகப் படித்துவிட்டு அம்மாவுக்கு நாற்காலி போட்டார். பிறந்த தேதியும் சேர்த்தே எழுதிவிட்டோம். ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபால் போய்விட்டது. ஆதாரில் இருக்கிறபடி 'மகாலட்சுமி' என்று முழுசாகக் கையெழுத்துப் போடு என்று அம்மாவுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், 'ல'-வுக்கு வந்ததும் கை தானாக நின்றுவிடுகிறது.

பழைய_கிளார்க்_சாப்:
தபால் ரசீதை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். 30 நாள் பார்ப்போம். பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் நான் எழுதித் தருகிறேன்.

ரம்_கோட்டா:
இந்த இழையைப் படித்துவிட்டு இன்று என் சித்தப்பாவிடம், அவரும் பட்டாளம், டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுங்கள் சித்தப்பா என்று கேட்டேன். 'எதுக்குடா, நான் சாகப்போறேனா' என்று கத்திவிட்டுக் கொடுத்தார். சித்தி பெயர் காஞ்சனா. புக்கில் 'காஞ்சன் தேவி'. பிறந்த தேதி இருக்கிறது, ஆனால் அது சித்தப்பாவின் பிறந்த தேதி. சாப், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.